பர்ஸை எந்த பாக்கெட்டில் வைப்பது?

பேண்ட்டின் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பது நிற்கிறவரைக்கும் சரி. உட்கார்ந்தால்தான் வினை. ஒரு பக்கம் தூக்கலாகி இடுப்பு சரியும். பிட்டத்துத் தசைக்கு அடியில் ஓடும் சயாட்டிக் நரம்பு நசுங்கும். நெல்லையிலிருந்து மதுரைக்கே பஸ்ஸில் மூன்று மணி நேரம், சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க. தொடையின் பின்புறம் மரத்துப்போகிறது என்றால், மாத்திரை தேடுமுன் பர்ஸை எடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். பைக்கில் இன்னொரு தொல்லை: காலைத் தூக்கிப் போடும்போது துணி இறுகி பர்ஸ் மேலே ஏறும், நாலு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் பாதி வெளியே வந்துவிடும்.

ஆகவே முன் பாக்கெட். அதற்குப் பர்ஸ் இளைக்க வேண்டும். ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர், எட்டு கார்டு என்றால் அதுவே 6 மில்லிமீட்டர், தோலும் நோட்டும் தனி. ஏ.டி.எம். கார்டு ஒன்று, லைசென்ஸ், கொஞ்சம் நோட்டு போதும். மடித்த பர்ஸ் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பில்லைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை, எழுத்து தானே மங்கிவிடும். கோயில் திருநீறு, குங்குமப் பொட்டலம் பர்ஸுக்குள் பிரிந்தால் நோட்டெல்லாம் சிவப்பு. ஏ.டி.எம். ரகசிய நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தால் இப்போதே கிழித்துப் போடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம், பத்து சேர்ந்தால் தையல் இளகும். சில்லறைக்குச் சட்டைப் பாக்கெட்.

கார்டு உறை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 500 ரூபாய் நோட்டு 150-க்கு 66 மில்லிமீட்டர். இரண்டாக மடித்தாலும் 66 அகலம் அப்படியே இருக்கும், கார்டு 54தான். நாலாக மடித்தால்தான் உள்ளே அடங்கும்.

சாதாரண வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. மடியில் சொருகிய பணம் குனிந்து நிமிர்ந்தால் நழுவும். ஜிப் வைத்த வேட்டி பெல்ட்டோ, உள்ளே பாக்கெட் வைத்த பட்டாபட்டி டிரவுசரோதான் நம்பத் தகுந்தது. சாரத்துக்கும், அதாவது லுங்கிக்கும், இதே கதைதான். மடித்துக் கட்டினால் மடி இன்னும் இளகும். சட்டைப் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு ஆற்றுப் படித்துறையில் குனியாதீர்கள். தாமிரபரணி திருப்பித் தராது.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவருக்கு இரண்டு கையும் வடத்தில். பாக்கெட்டைக் காக்க ஆளில்லை. அன்றைக்குப் பர்ஸே வேண்டாம், இருநூறு ரூபாய் உள் பாக்கெட்டில் இருந்தால் போதும். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமென்றால், பர்ஸின் மேல் இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கே போட்டு, படுக்கை வாக்கில் முன் பாக்கெட்டில் வையுங்கள். உருவும்போது ரப்பர் துணியைப் பிடித்து இழுக்கும், தெரிந்துவிடும். பஸ்ஸில் ஏறுகிற படியில்தான் நெருக்கடி அதிகம். டிக்கெட் காசை முன்பே கையில் எடுத்துக்கொண்டால் கூட்டத்தில் பர்ஸைத் திறக்கிற வேலை இல்லை.

குற்றாலத்திலும் திருச்செந்தூரிலும் பர்ஸைத் துணிக்குள் சுருட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். ஒருவர் கரையில் இருந்து மாற்றி மாற்றிக் குளிப்பதே வழி. எண்ணெய் தேய்த்த கை பர்ஸின் தோலில் பட்டால் கறை போகாது. அல்வா தின்ற கையும் அப்படித்தான்.

நனைந்துவிட்டதா? எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். கடல் தண்ணீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் கிடக்கும் தோல் பர்ஸ் பூசணம் பிடிக்கும். அவ்வப்போது வெளியே எடுத்து வையுங்கள்.

தொலைந்தால் முதல் வேலை கார்டை முடக்குவது. வங்கியின் உதவி எண் கார்டின் பின்னால்தான் அச்சாகியிருக்கும், கார்டோ போய்விட்டது! அந்த எண்ணை இன்றைக்கே வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.