கால் சென்டரில் சேருமுன் நிமிடங்களைக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பேசும் கால் சென்டரில் ஆஃபர் வந்திருக்கிறதா? சம்பளத்தைப் பார்த்தாயிற்று, சரி. கையெழுத்துப் போடுமுன், உடம்பு கெடாமல் அங்கே இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமா என்றும் பாருங்கள்.

முதல் கேள்வி, ஆக்குபன்சி எத்தனை சதவீதம்? லைனில் இருக்கும் நேரத்தில் பேச்சுக்கும், பேசி முடித்துக் குறிப்பு எழுதவும் போகிற பங்குதான் அது. ஏழு மணி நேரம் லைனில் இருக்கிறீர்கள், ஏஹெச்டி, அதாவது ஓர் அழைப்பைப் பேசிக் குறிப்பெழுதி முடிக்க ஆகும் சராசரி நேரம், 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 அழைப்பு, நடுநடுவே ஒரு நிமிடம் கிடைக்கும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். 95 என்றால் கூடுவது ஏழே அழைப்புதான், ஆனால் இடைவெளி 19 விநாடியாகச் சுருங்கிவிடும். திட்டித் தீர்த்தவரின் குரல் காதை விட்டுப் போவதற்குள் அடுத்த அழைப்பின் பீப் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், ஆட்கள் நிலைக்காமல் ஓடுவதற்கு இரவு ஷிஃப்டைவிட இதுதான் பெரிய காரணம்.

சம்பள நேரம் எப்போது தொடங்குகிறது என்று அடுத்துக் கேளுங்கள். கம்ப்யூட்டர் எழுந்து, விபிஎன் இணைந்து, நாலைந்து மென்பொருள் திறக்க 10 நிமிடம் ஆகிறது, அது கணக்கில் வராது என்றால் 22 வேலை நாளில் 3 மணி 40 நிமிடம் சும்மா உழைக்கிறீர்கள். பாத்ரூம் போனால் எந்த ஆக்ஸ் கோடு (அழைப்பு எடுக்காத நேரத்துக்கு சிஸ்டத்தில் போடும் காரணக் குறியீடு), அதற்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரவு வேலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே அதைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்துவிட்டது. பிலிப்பைன்ஸ் சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வேலை செய்தால் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் கூலி. உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிட்டு, அந்தத் தொகை ஆஃபர் கடிதத்தில் தனி வரியாக இருக்கிறதா என்று தேடுங்கள். ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) எத்தனை நாள் முன்னால் வரும், ஷிஃப்ட் வாரா வாரம் மாறுமா என்பதும் முக்கியம். இன்னொன்று, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்று ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் நீளலாம், அதற்குக் காசு உண்டா?

வாய்மொழியாகச் சொல்வதை மெயிலில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் சொந்த நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.