காரைக்குடி வீட்டில் தொண்டிக் கடல் தொட்டி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குளிர்நீர்க் கடல் தொட்டி பற்றிப் படித்ததும் பலர் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 10 முதல் 18 டிகிரி நீர் வடகடல் உயிர்களுக்குத்தான் வேண்டும். நம் பாக் விரிகுடா உயிர்கள் 26 முதல் 30 டிகிரியில் வாழ்பவை. சித்திரை வெயிலில் தொட்டி 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடு ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறையும்: லிட்டருக்கு 25 டிகிரியில் சுமார் 6.7 மில்லிகிராம், 30-ல் சுமார் 6.2.

இடம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் 160 லிட்டர் நிரப்பலாம். மணலோடு சேர்த்து 200 கிலோவுக்கு மேல் வரும், இரும்பு ஸ்டாண்ட் அவசியம். முற்றத்து வெயில் படாத இரண்டாம் கட்டு உள்சுவர் ஓரம் நல்லது. மணிக்கு 1,500 லிட்டர் தள்ளும் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், நீர்ப்பரப்பில் காற்று வீசும் சின்ன ஃபேன், உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஃபேன் மட்டுமே 2, 3 டிகிரி இறக்கும்.

நீர். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி போய், படகுத்துறையை விட்டுத் தள்ளி, கடல்நீர் கரையேறும் ஏற்றத்தின்போது 20 லிட்டர் கேன் எட்டு பிடியுங்கள். துறையோர நீரில் டீசல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும், தை பிறந்தபின் எடுப்பது நல்லது. நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். உப்பின் அளவு 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு.

பழக்குதல். கழுவிய மணல் ஓர் அங்குலம். உயிர்கள் ஒளிந்துகொள்ளப் பழைய நாட்டு ஓடுகளைச் சோப்பில்லாமல் தேய்த்து, சில நாள் ஊறவைத்துப் போடலாம். செம்பூரான்கல் வேண்டாம், கரைந்து நீரைக் கலக்கும். பிறகு உரித்த இறால் ஒன்றைப் போட்டு பம்பை ஓடவிடுங்கள். இறால் அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். இடையில் நீர் பால்போல் வெளுத்தால் பதறி மாற்றாதீர்கள். அம்மோனியா, அதைத் தின்ற பாக்டீரியா விடும் நைட்ரைட் இரண்டும் சோதனைக் கிட்டில் பூஜ்யம் காட்டும்வரை ஓர் உயிரும் கூடாது. இந்தப் பொறுமை இல்லாததால்தான் முதல் மாதமே தொட்டிகள் காலியாகின்றன.

உயிர்கள். கரைவலைக்காரர்கள் ஒதுக்கிப் போடுவதில் கேட்டு வாங்குங்கள்: காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஆறு, சிறு நத்தை நாலு, சின்ன உளுவை இரண்டு. கீச்சான் குஞ்சு அழகுதான், ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ஓரா மீனின் முள் நஞ்சு, வளர்ந்தால் தொட்டி கொள்ளாது. கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருந்தால் தொடவே தொடாதீர்கள், சில இனங்கள் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், கடல் விசிறி ஆகியவற்றை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, செத்த பவளக்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

கொண்டுவந்த வாளிக்குள் மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு 2, 3 சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகே உயிர்களை மாற்றுங்கள். துறவி நண்டுகளுக்கு, இருப்பதைவிடச் சற்றுப் பெரிய காலிச் சங்குகளைப் போட்டு வையுங்கள். நண்டு இடுக்கியைச் சங்கின் வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்த்து, சங்கை உருட்டிப் பார்த்து, பிடித்தால் நொடியில் குடிமாறும். காலிச் சங்கு இல்லாவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக் கொல்லும்.

தினமும். ஃபேனால் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். ஒரு வாரம் விட்டால் 35 என்பது 38 ஆகிவிடும். அதனால் உப்பில்லாத நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல. கூரை மழைநீர் மிகப் பொருத்தம், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஆனால் செம்பு, பித்தளை அண்டாவில் பிடித்த நீரை ஒரு சொட்டும் விடாதீர்கள். அதில் கசியும் செம்பு நண்டையும் நத்தையையும் கொன்றுவிடும். பிளாஸ்டிக் குடமே சரி.

தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு நறுக்கிய இறால். பதினைந்து நாளுக்கு ஒரு கேன் கடல்நீர் மாற்றுங்கள். கரண்ட் போனால் அன்று தீனி போடாதீர்கள், பேட்டரி ஏர் பம்பை உடனே போடுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், மூடியைக் கழற்றி, தொட்டி நீரையே பிளாஸ்டிக் மக்கால் மொண்டு அரையடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள்.