பிரான்சில் தஞ்சம் கேட்பவரின் 'கேஸ்': இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியது

முதலில் ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு துணைத் தூதரகம் இருக்கிறது என்பதற்காக அங்கே போய்த் தஞ்ச மனு கொடுக்க முடியாது. மனுவை விசாரிக்கும் ஓஃப்ப்ரா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க, ஆள் பிரான்ஸ் மண்ணில் இருக்க வேண்டும். "உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படகு ஏஜெண்டுகளையும் நம்பாதீர்கள். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 ஈழத்தமிழர்களோடு போன படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்தது. குழந்தைகள் உட்பட எல்லோரையும் ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, பிறகு நவூரு தீவுக்கு அனுப்பியது.

ஏற்கெனவே பிரான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்ட ஈழத்தமிழருக்கு, கீழ்ப்புத்துப்பட்டிலோ கடலூர்ப் பக்கத்து அகதி முகாம்களிலோ புதுச்சேரி நகரிலோ இருக்கும் சொந்தங்கள் செய்யக்கூடியது நிறைய. அவருக்கு நாள் குறைவு. நாட்டுக்குள் நுழைந்து 90 நாளுக்குள் தஞ்சம் கேட்காவிட்டால் மனு அவசர விசாரணைக்குப் போய்விடலாம். அதில் தயாராக அவகாசம் இருக்காது. பிரெஃபெக்சர் எனும் மாவட்ட அரசு அலுவலகத்தில் கைரேகை எடுத்து, பதிவுச் சான்றோடு ஓஃப்ப்ரா படிவம் தருவார்கள். பொதுவாக 21 நாளுக்குள் பிரெஞ்சில் நிரப்பி அனுப்ப வேண்டும். 2026 ஜூன் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய தஞ்ச விதிகள் நடைமுறைக்கு வருவதால், கையில் கொடுத்த தாளில் என்ன கெடு போட்டிருக்கிறதோ அதையே நம்புங்கள். போன வருஷம் வந்தவர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

படிவத்தில் உயிர்நாடி, என்ன நடந்தது என்று எழுதும் பகுதிதான். அதை முதலில் தமிழில், அவரே, பேசுகிற மாதிரியே எழுதட்டும். கோடு போட்ட நோட்டில் ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம்: எப்போது, எந்த ஊரில், யார் வந்தார்கள், என்ன உடையில், என்ன கேட்டார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எப்படி வெளியே வந்தார். தேதி நினைவில்லையென்றால் ஒரு தேதியை ஊகித்து எழுதவே கூடாது. ஓஃப்ப்ரா அதிகாரி நடத்தும் நேர்முகத்தில் இன்னொரு தேதி வாயில் வரும். சந்தேகம் அங்கேதான் பிறக்கும். "சுனாமிக்குப் பிறகு வந்த தைப்பொங்கலுக்கு முன்னால்" என்று எழுதினால் அது உண்மை, மறக்கவும் மறக்காது.

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, இங்கே மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். ஆனால் ஈழத்துத் தமிழும் நம்மூர்த் தமிழும் ஒன்றென்று நினைத்து விடாதீர்கள். "நாலு மாசம் மறியலில இருந்தனான்" என்றால் நான்கு மாதம் சிறையில் இருந்தார் என்று அர்த்தம். நம்மூர் ஆள் அதைச் சாலை மறியல் போராட்டம் என்று பிரெஞ்சில் எழுதிவிட்டால், ஒருவரின் சிறைவாசமே கோப்பிலிருந்து காணாமல் போய்விடும். "வெளிக்கிட்டம்" என்றால் கிளம்பினோம், விடுதலையானோம் என்றில்லை. "இயக்கத்தில் இருந்தார்" வேறு, "இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்தார்" வேறு. 2006 முதல் புலிகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் இருப்பதால் இந்த ஒரு சொல்லே கேஸைத் திருப்பிவிடும். கூட்டியும் எழுதாதீர்கள், மறைத்தும் எழுதாதீர்கள். அங்குள்ள வக்கீலிடம் முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள்.

உறவுமுறையும் அப்படித்தான். பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் சொல்வோம். மொழிபெயர்ப்பில் "சகோதரர்" என்று போனால், குடும்ப விவரத்தில் அப்படி ஒரு சகோதரரே இல்லையே என்று அதிகாரி கேட்பார். அண்ணன், மாமா, சித்தி என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் யாருடைய பிள்ளை, எந்த வழி உறவு என்று கேட்டு எழுதுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு 'கேஸ் எழுதிக் கொடுப்பவர்கள்' இருக்கிறார்கள். ஒரே கதையைப் பெயர் மாற்றி எத்தனையோ பேருக்கு விற்கிறார்கள். அதிகாரிகள் அதை ஏற்கெனவே படித்திருப்பார்கள். உண்மையிலேயே அடிபட்டவருடைய கேஸ்கூட இப்படிப் பாழாவதுதான் நெஞ்சைப் பிசைகிறது. இலங்கையில் சான்றொப்பம் தரும் சமாதான நீதவானிடம் விலைக்கு வாங்கிய கடிதமும் அந்த வகைதான்.

இங்கிருந்து அனுப்ப வேண்டியவை: முகாம் குடும்ப அட்டை, முகாம் பதிவின் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய காயத்துக்கு ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ பார்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்; முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்தியாவில் இருந்த வருஷங்களை மறைக்கச் சொல்லாதீர்கள். "இந்தியாவை விட்டு ஏன் வந்தீர்கள்?" என்ற கேள்வி வரும், பதில் தயாராக இருக்கட்டும். பிறந்த தேதியையும் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் இலங்கையராகவே இருந்தாலும் பொதுவாக, பிறப்பால் இந்தியக் குடிமகன். அப்படிப்பட்டவர் இலங்கையைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. இதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

பதிவின்போது சொல்லும் மொழிதான் கடைசி வரை. தமிழ் என்றே சொல்லட்டும். அரைகுறை ஆங்கிலம் வேண்டாம். பெண்கள், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமென்று கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியவில்லையென்றால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். நேர்முகம் ஒலிப்பதிவாகிறது, அங்கே சொன்ன ஆட்சேபம் பதிவில் நிற்கும்.

மனு தள்ளுபடியானால் சிஎன்டிஏ எனும் தஞ்ச நீதிமன்றத்தில் பொதுவாக ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு. அரசு செலவில் வக்கீல் வேண்டுமென்றால் அதற்கு 15 நாள்தான். ஓஃப்ப்ராவின் இணையக் கணக்கைத் திறந்தே பார்க்காமல் விட்டுக் கெடுவைக் கோட்டை விடுபவர்கள் உண்டு, வாரம் இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். முடிவோடு நேர்முகத்தின் எழுத்துப் பிரதியும் வரும். அதை இங்கே ஒருவர் உட்கார்ந்து, அவருடைய தமிழ் நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் தவறாகப் போயிருக்கிறது என்று குறித்து, முதல் வாரத்திலேயே வக்கீலுக்கு அனுப்பிவிட வேண்டும்.