ஸ்கூலுக்குக் கார் எடுப்பதைக் குறைக்கணுமா? சாயங்காலத்தில் இருந்து ஆரம்பியுங்கள்

பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடுவதைக் குறைக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் காலையில்தான் கை வைக்கிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. காலை எட்டு மணிக்கு எந்த வீடு நிதானமாக இருக்கிறது? ஒரு சாக்ஸ் கிடைக்காது, இட்லி வாயிலேயே நிற்கும், டைரியில் கையெழுத்து வாங்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் போய் "இன்னையிலிருந்து நடந்து போறோம்" என்று அறிவித்தால், மூன்றாம் நாளே கை கார் சாவியைத் தேடும்.

சாயங்காலம் அப்படி இல்லை. மணி அடித்துவிட்டது, இனி யாருக்கும் லேட் ஆகப்போவதில்லை. பிள்ளைகளுக்கும் வகுப்பில் நடந்த கதையை யாரிடமாவது கொட்ட வேண்டும். எங்கள் பக்கம் கடல் கிட்டத்தில் இருப்பதால், வெயில் காலத்தில்கூட மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறிவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் காலையில் வழக்கம்போல கார் போகட்டும், திரும்பி வருவதை மட்டும் நடையாக்குங்கள். வழி பழகிவிட்டால் காலை நடை தானாக வரும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டதே பேத்திதான்.

நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வடசென்னையில் புது வண்ணாரப்பேட்டை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். பேத்தி நாலாம் வகுப்பு, பேரன் யுகேஜி. பள்ளி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் கார் இருக்கிறது, இனியும் இருக்கும். காரை விற்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் என்று மெக்கானிக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும், அதனால் அந்த முதல் சில நிமிடப் புகைதான் இருப்பதிலேயே மோசம். அதைக் கொண்டுபோய் நாம் பள்ளி வாசலில், பிள்ளைகளின் மூக்கு உயரத்தில் விடுகிறோம். ஸ்டார்ட் செய்யும்போது செலவான கரண்டைத் திரும்ப ஏற்றிக்கொள்ள பேட்டரிக்கும் நேரம் கிடைப்பதில்லை. இதையே தினமும் செய்தால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். நேரக் கணக்கும் பாருங்கள். தெருவில் நிற்கும் பைக்குகளை நகர்த்தி, எதிரில் வரும் தண்ணீர் லாரிக்கு ரிவர்ஸ் எடுத்து, பள்ளி வாசல் நெரிசலில் நின்று, பிறகு வீடு திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு கிலோமீட்டர் நடக்க இருபது நிமிடம் போதும்.

வழியைப் பார்த்து வையுங்கள்

வழி பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தெரு வேறு, திங்கட்கிழமை தெரு வேறு. பள்ளி விடும் அதே நேரத்தில், ஒரு வேலை நாளில், பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் நடந்து பாருங்கள். கால்வாய் மேல் சிலாப் எங்கே ஆடுகிறது, எந்த வீட்டு நாய் பாய்கிறது, நடைபாதை எங்கே முடிந்து தள்ளுவண்டி ஆரம்பிக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். குறுக்கு வழியைவிடக் கடைகள் இருக்கும் வழி நல்லது. தினமும் பார்க்கிற பால் பூத்துக்காரர், இஸ்திரி போடுகிறவர், பூக்கார அம்மா என்று நாலு பேருக்குப் பிள்ளைகளின் முகம் பழகிவிட்டால் அதைவிடக் காவல் வேறு இல்லை. நான் முதல் வாரத்திலேயே வழியில் இருந்த கடைக்காரர்களிடம் "இவங்க எங்க பசங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லி வைத்தேன்.

வழியில் ரயில்வே கேட் இருந்தால் அதற்கென்று நேரம் ஒதுக்கிவிடுங்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சரக்கு ரயில் வந்தால் வந்ததுதான். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போவதைப் பிள்ளைகள் முன் நாம் ஒரு தடவை செய்தால் போதும், அவர்கள் அதை ஆயுசுக்கும் செய்வார்கள்.

வடசென்னையில் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது கண்டெய்னர் டிரெய்லரைப் பற்றி. துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் எண்ணூர் விரைவுச்சாலை, மணலி சாலை என்று நம் பிள்ளைகள் நடக்கிற பக்கமெல்லாம் ஓடுகின்றன. வேலையில் இருந்தபோது அந்த டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முகப்புக்கு நேர் கீழே நிற்கும் பிள்ளை அங்கிருந்து தெரியாது, இடது கதவை ஒட்டி நிற்பவனும் தெரியமாட்டான். டிரைவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அங்கே பார்வையே கிடையாது. இன்னொன்று, டிரெய்லர் முக்கில் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி தாண்டிவிட்டது, இனிப் போகலாம் என்று காலை எடுத்து வைக்கிற இடத்தில்தான் பின் சக்கரம் வரும். அதனால் முக்கில் நிற்கும்போது பிளாட்பார ஓரத்தில் நிற்கக் கூடாது, நாலு அடி பின்னால் நிற்க வேண்டும். வண்டியின் வால் முழுவதும் போன பிறகுதான் நகர வேண்டும். இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. எங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு முக்கு வரைந்து, பேரனின் பொம்மை லாரிக்குப் பின்னால் ஒரு செருப்புப் பெட்டியைக் கட்டி இழுத்துக் காட்டினேன். பெட்டி கோட்டைத் தாண்டி ஏறியதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

பை கனம்

"நடக்கச் சொல்றீங்களே, பையைத் தூக்கிப் பாருங்க" என்றார் மருமகள். நியாயம்தான். பள்ளிப் பையைப் பற்றி 2020ல் ஒன்றிய அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது, மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது அது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் வீட்டுப் பையை மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது தண்ணீர் பாட்டில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் பாதி நிரப்பினால் போதும். அன்றைய டைம்டேபிளில் இல்லாத நோட்டுகளை ராத்திரியே வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் கூட வரும் பெரியவர் தூக்கலாம், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

காலை நடைக்கு மாறும்போது ராத்திரி வேலைதான் முக்கால் பங்கு. ஷூ, சாக்ஸ், டைரி, அடையாள அட்டை எல்லாம் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இது நடந்துவிட்டால் காலையில் இருபது நிமிடம் தானாக மிஞ்சும்.

யார் கூட்டிக்கொண்டு போவது

தினமும் ஒரே ஆள் போனால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும், அல்லது காய்ச்சல் வரும். பக்கத்து வீடுகளோடு முறை போடுங்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விக்ட் என்பவர், பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திக் கூட்டிப் போவதற்கு 'நடக்கும் பள்ளிப் பேருந்து' என்று பெயர் வைத்து ஒரு யோசனை சொன்னார், அது பல நாடுகளுக்குப் பரவியது. எனக்கு இதில் சிரிப்புதான் வந்தது. நான் படித்த காலத்தில் எங்கள் தெரு பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டுதான் போனார்கள். இடையில் விட்டுப்போனதை நாம் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

கேட்கிற விதம் முக்கியம். "உங்க பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஆரம்பித்தால் சந்தேகம் வரும். "செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி போகணும்மா, என் பேரனை நீங்க சேர்த்துக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று நாம் முதலில் உதவி கேட்டால், அடுத்த வாரம் அவர்களே கேட்பார்கள். இப்படித்தான் எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தயக்கம். "நீங்க வந்தா பயமில்ல தாத்தா, மத்தவங்க வர்ற நாள்ல எப்படி?" என்றார். அதனால் எப்போதும் இரண்டு பெரியவர்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரில் ஒருவர் பெண் என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் அவரும் சேர்ந்தார், இப்போது வியாழக்கிழமை அவர் முறை.

முறை அட்டவணையை மாதக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். யார் யார் பிள்ளையை அழைத்துப்போக வரலாம் என்று வகுப்பு ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேன் விடமாட்டார், விடவும் கூடாது. வராத பிள்ளைக்காகக் காலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஒரு வீட்டுக்காக எல்லோரும் லேட்டானால் மறுநாளே எல்லோரும் காருக்குப் போய்விடுவார்கள்.

பள்ளி தூரம் என்றால்

கொடுங்கையூரில் வீடு, ராயபுரத்தில் பள்ளி என்றால் நடக்கச் சொல்வது சரியில்லை. அப்போது காரை வாசல் வரை கொண்டுபோகாமல் அரைக் கிலோமீட்டர் முன்பே நிறுத்தி, மிச்சத்தை நடக்கலாம். ராயபுரம் பக்கம் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைகள் திறக்கும் முன் காலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், மாலையில் அந்தப் பக்கமே போகாதீர்கள். இதோடு, அதே பள்ளிக்குப் போகும் இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டாலே ஒரு கார் குறைந்துவிட்டது.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள். பள்ளி ஸ்டேஷனுக்குக் கிட்டே என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மாநகரப் பேருந்தையும் ஒதுக்க வேண்டாம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு பஸ் பாஸ் இலவசம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் இல்லை, ஆக கூடப் போகும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ செலவே கிடையாது. கூட்டமான பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேன் என்றால் பார்த்துச் சேருங்கள். 2012ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான் எல்லாம் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். டிரைவர் பக்கத்திலும் பிள்ளைகளைத் திணிக்கிற ஆட்டோவைவிட உங்கள் காரே மேல் என்பேன்.

ஸ்கூட்டர் என்றால் பிள்ளைக்கும் ஹெல்மெட். நாலு வயதுக்கு மேல் அது சட்டம். அதற்குக் கீழே, 9 மாதம் முதல் 4 வயது வரை, ஹெல்மெட்டோடு பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் ஒரு ஸ்கூட்டரில் போவதைக் கார் குறைப்பு என்று நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

மழையும் ஆரம்பிக்கும் நேரமும்

மழை நாளில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். தூறலுக்குக் குடை வேண்டாம், காற்றில் திரும்பிக்கொள்ளும், எதிரே வரும் வண்டியையும் மறைக்கும். பையையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு சைஸ் பெரிய ரெயின்கோட், காலுக்குச் செருப்பு, ஷூ ஒரு கவரில். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் நடை கிடையாது, அடியில் மூடி திறந்த பள்ளம் இருந்தால் தெரியாது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களுக்குக் காரும் உதவாது. கனமழை நாளுக்கென்று முன்பே பேசி வையுங்கள்: நாலு வீட்டில் யாராவது ஒருவர் கார் எடுப்பார், எல்லாப் பிள்ளைகளும் அதில். டியூஷன் பரீட்சை, காலில் அடி, ஆண்டு விழா மேக்கப் என்று வரும் நாட்களிலும் கார் போகட்டும்.

ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். வெயில் தணிந்திருக்காது, புது ஷூ கடிக்கும், சின்னவர்கள் அழுதுகொண்டு போவார்கள். எங்கள் பக்கத்துக்குப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம்தான் சரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பரீட்சைக்கும் நாள் இருக்கும். பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் அதுவரை எதிர்வீட்டில் பேசி வையுங்கள், பையை எடை போடுங்கள், ஒரு வேலை நாள் சாயங்காலம் வழியை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.