உடல் பருமனோடு நடக்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நடைப்பயிற்சி எதற்கு, செய்கிற வேலையே போதாதா என்று ஒரு நினைப்பு உண்டு. வலை இழுத்த காலத்தில் அது சரி. இப்போது படகு வைத்து ஆள் அனுப்புகிறவர், மீன் ஏலத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டோடு இருக்கும் விசைப்படகுக்காரர், இவர்களுக்கெல்லாம் சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. நம் உடல்வாகுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, 25 ஆனாலே பருமன்தான். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

சரி, தொப்பை உறுத்த ஆரம்பித்ததும் என்ன செய்கிறார்கள்? மறுநாளே கடற்கரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம். மணல் மெத்தென்று இருக்கும், மூட்டுக்கு நல்லது என்பார்கள். பாதிதான் உண்மை. கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையைப் போல் சுமார் இரண்டு மடங்கு சக்தி வேண்டும். சீக்கிரம் மூச்சு வாங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஈரமணல் கெட்டிதான், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் வெகுதூரம் போனால் ஒரு பக்க முழங்காலும் இடுப்பும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் சமதரையில், பத்து நிமிடத்தில் ஆரம்பிப்பது நல்லது. ராமேஸ்வரத்தில் பெண்கடல் என்று சொல்லும் வடபக்கம் அமைதியாக இருக்கிற நாளில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரிலும் நடக்கலாம். உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது. மரத்துப்போன பாதத்துக்குச் சுடுமணல் தெரியாது. சீமைக்கருவேல முள்ளோ சிப்பி ஓடோ குத்தினாலும் தெரியாது. அந்தச் சின்னக் காயம் விரலை எடுக்கிற அளவுக்குப் போய்விடும். நடந்து வந்ததும் விரல் இடுக்கு வரை பாருங்கள், பார்வை மங்கலென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் கடலில் இறங்க வேண்டாம்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் நடக்கப் போவது இன்னொரு ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் அது சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறி. சட்டைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை மடித்து வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு: நடந்து முடித்த கையோடு ஒரு பட்டை பதநீர்! நடந்தது அதிலேயே போச்சு.

ஒரு மாதம் நடந்தேன், எடை இறங்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. எடை அசையாவிட்டாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படும், தூக்கமும் தெளியும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். தெருவில் நடக்கக் கூச்சப்படும் பெண்கள் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நல்ல வேலை.

அப்புறம், நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ வாயு என்று ஓமத்திரவம் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.