லாரி மாடலில் சேஸிஸ் கோணாமல் இருக்க

பீட்டர்பில்ட் 359 போன்ற 1/25 அளவு (நிஜ லாரியில் 25-ல் ஒரு பங்கு) லாரி கிட்டில், அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடலில், என் கவனமெல்லாம் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல்தான். அதன் நீளமான இரண்டு பக்கச் சட்டங்களும் இம்மி முறுக்கினாலும் போதும், கடைசியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கேபினை எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் கண் அங்கேயே போகும்.

அதனால் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் சேஸிஸைக் கவிழ்த்து வைத்து, குறுக்குச் சட்டங்களை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பசை இரு பக்கத்தையும் இளக்கித்தான் ஒட்டும். உள்ளே இறுக நேரமாகும். மேலே கொஞ்சம் பாரம் வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

அப்புறம், குரோம் பூசிய புகைக்குழாய், டீசல் டேங்க்: ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைப் பிளேடால் சுரண்டிவிடுங்கள். குரோம் மேல் பசை பிடிக்காது.