மலைச்சரிவுக் களிமண்: காரம் சுண்ணாம்பாலா, சோடியத்தாலா? வீட்டிலேயே கண்டறியும் முறை

களிமண் நிலத்தில் பி.எச். (அமில, கார அளவு) 8-ஐத் தாண்டினால் போதும், உடனே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) மூட்டை வந்து இறங்கிவிடுகிறது. அந்தக் காரம் சுண்ணாம்பால் வந்ததா, சோடியத்தால் வந்ததா என்று பார்க்காமல் ஒரு பிடி ஜிப்சம்கூடப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று கண்டறிய ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

எனக்குக் கடலூர் கேப்பர் மலையில் சிறிய தோட்டம் இருக்கிறது. அங்கே செம்மண், மழை இறங்கி ஓடிவிடும் மண், வினிகர் ஊற்றினால் பொங்காது. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் பெரம்பலூர் பக்கம், பச்சைமலை அடிவாரம். அங்கே சரிவின் கீழ்ப்பகுதியில் கறுத்த களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு, மழையில் காலை விடாத சேறு. இரண்டு மண்ணையும் வைத்து நான் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டக்குடி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களி நிலங்களுக்கும் புதுச்சேரியின் பாகூர் வயல்களுக்கும் இதே முறை பொருந்தும்.

சரிவில் காரம் எப்படிச் சேர்கிறது

மழையைவிட ஆவியாதல் அதிகமாக உள்ள மலைச்சரிவுகளில் பாறை சிதைந்து வெளிவரும் கால்சியமும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. மேட்டிலிருந்து மழைநீர் நுண்ணிய துகள்களையும் கரைந்த உப்புகளையும் கீழே கொண்டுவருகிறது. அதனால் மேல்சரிவில் கல் கலந்த மெல்லிய மண்ணும் கீழ்ச்சரிவில் ஆழமான களியும் அமைகின்றன. நீர் ஆவியானதும் கால்சியம் கார்பனேட் படிந்து சுக்கான் கற்களாகிறது. சில இடங்களில் இதோடு சோடியமும் சேர்ந்துகொள்ளும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: மாதிரி எடுப்பது

சமவெளியில் வயல் முழுவதற்கும் ஒரே மாதிரி போதும். சரிவில் போதாது. மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் அதற்கும் தனி மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறையுங்கள். வரப்பு, மரநிழல், எருக்குழி வேண்டாம். களியில் மட்டும் இன்னொன்று: 15 முதல் 30 செ.மீ. வரையிலான அடிமண்ணைத் தனியாக எடுங்கள். சோடியம் பல நிலங்களில் அடிமண்ணில்தான் ஒளிந்திருக்கும்.

வெட்டும்போது குழியின் சுவரைக் கவனியுங்கள். ஆழத்தில், கட்டி பெயரும் இடத்தில், சாய்வான வழவழப்பு முகங்கள் எண்ணெய் தடவியதுபோல மின்னினால், களி வீங்கிச் சுருங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று உரசிய தடம் அது. அப்படிப்பட்ட சரிவில் மண் மெல்ல நகரும். வேலிக் கம்பங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு பட்டாணி அளவுக் கட்டிகள் சிலவற்றை உடைக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பொடியாக்குங்கள். அந்தக் கட்டிகள் படி 4-க்கு வேண்டும்.

படி 2: களி எவ்வளவு

ஒரு கைப்பிடி மண்ணைச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாக அழுத்தித் தள்ளுங்கள். நாடா 5 செ.மீ.க்கு மேல் அறுபடாமல் நீண்டால் களிமண். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களி குறைவு. சுண்ணாம்பு நிறைந்த களி முதலில் கையில் வண்டலைப்போல மாவாகத்தான் தெரியும். விடாமல் சில நிமிடம் பிசைந்த பிறகுதான் உண்மைக் குணத்தைக் காட்டும். அவசரப்பட்டால் களியை வண்டல் என்று எழுதிவிடுவீர்கள்.

பாட்டிலில் மண்ணைக் குலுக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு மண்ணில் வெறும் நீரில் அதைச் செய்து பயனில்லை. 0.002 மி.மீ.க்கும் சிறிய களித்துகள்களைக் கால்சியம் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக்கிவிடும்; கொத்து கனமாக இருப்பதால் வண்டலோடு சேர்ந்து சீக்கிரம் படிந்துவிடும். ஆய்வக வேதிப்பொருள் கடையில், இந்தக் கொத்தைப் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் வாங்கி ஒரு தேக்கரண்டி சேர்த்து, இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிறகு குலுக்குங்கள். நுரை வரும் சோப்புத்தூளை நான் பரிந்துரைக்கமாட்டேன். நுரை அடங்குவதற்குள் மணல் படிந்துவிடும், அளவுக்கோடு தெரியாது.

படி 3: வினிகரும் பி.எச்.சும்

ஒரு தேக்கரண்டி உலர்ந்த மண்பொடியில் வினிகர் விட்டுக் காதருகே பிடியுங்கள். சலசலவென்று சத்தம் கேட்டால் சுண்ணாம்பு இருக்கிறது. சுக்கான் கல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்த பிறகு வெறும் மண்ணில் சோதிக்க வேண்டும். கல் மட்டும் பொங்குவது வேறு, மண்ணே பொங்குவது வேறு.

பி.எச். பார்க்க 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி அளவெடுங்கள். மண்ணில் நேராகக் குத்தும் இரட்டைக் கம்பி மீட்டரை நம்ப வேண்டாம். நிறத்தாள் கறுப்பு மண்ணில் சேறு பட்டுக் குழப்பும். பேனா வடிவ மீட்டர் ஒன்று வாங்குங்கள், பி.எச். 6.86, 9.18 என்று குறித்த இரண்டு அளவுத் திரவங்களிலும் அளவைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள். கார மண்ணுக்கு 4.0 திரவம் மட்டும் போதாது.

சுண்ணாம்பு மட்டும் உள்ள மண் பொதுவாக 8.4-க்கு மேல் ஏறாது. 8.5-ஐத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் சந்தேகம்தான், முடிவு அல்ல. முடிவு அடுத்த படியில்.

படி 4: கட்டியை நீரில் போடுவது

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்த படி இது. செய்முறை மிக எளிது. குவளையில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எடுத்து வைத்த உலர்ந்த கட்டியை மெதுவாக இறக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கலக்கக் கூடாது, மேசையை ஆட்டக் கூடாது. பத்து நிமிடம், இரண்டு மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று முறை பாருங்கள்.

பெரும்பாலும் கட்டி சில நிமிடங்களில் உடைந்து சிறு துகள்களாகக் குவியும். இது வெறும் உடைதல். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் நேர்வது. சுற்றியுள்ள நீர் தெளிவாக இருந்தால் களியைப் பிடித்திருப்பது கால்சியம். மாறாக, கட்டியின் ஓரத்திலிருந்து பால் கசிவதைப்போல வெண்மையான மூட்டம் கிளம்பிக் குவளையின் அடியில் பரவினால் அது கலைதல். களித்துகள்களைச் சோடியம் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகிறது. வயலில் இந்தத் துகள்கள்தான் மண்ணின் நுண்துளைகளை அடைத்து, நீரை இறங்கவிடாமல் மேலே ஓடு கட்டவைக்கின்றன. சரிவு நிலத்தில் அந்த நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

பலரும் சறுக்கும் இடம், எந்த நீரில் செய்கிறோம் என்பது. போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளே களித்துகள்களை ஒட்டவைத்துவிடும். அதனால் மோசமான களர் மண்கூட (சோடியம் மிகுந்த மண்) போர் தண்ணீரில் தெளிவாகக் கிடக்கும். நல்ல மண் என்று நம்பிவிடுவோம். எங்கள் கடலோரத்துக் கிணற்று நீரில் இந்தச் சோதனை செய்தால் எந்த மண்ணும் தேர்ச்சி பெறும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலும் கடைகளிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஐப்பசி மழையில் திறந்தவெளியில் பிடித்த நீரும் நல்லதே. கூரையில் வழிந்த நீர் வேண்டாம்.

சேர்க்கை: பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர், டிஸ்டில்டு வாட்டரிலேயே செய்தும் மூட்டம் வரவில்லை, ஆனால் நிலம் களர் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவருடைய மண்ணில் உப்பும் அதிகம். மண்ணின் சொந்த உப்பே களியை ஒட்டவைத்திருக்கும். பி.எச். எடுத்த அதே கரைசலின் தெளிவில் மின் கடத்துதிறனையும் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள். மீட்டருக்கு 1 டெசி சைமன்ஸுக்குள் இருந்தால் கட்டிச் சோதனையை நம்பலாம். அதற்கு மேல் போனால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். நல்ல மழை உப்பைக் கழுவிய பிறகு அதே மண் கலையத் தொடங்கலாம். ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை சோதியுங்கள்.

படி 5: வைத்தியம்

வினிகரில் பொங்கி, நீர் தெளிவாக இருந்தால் சுண்ணாம்பு மண். இதில் ஏற்கெனவே கால்சியம் நிறைந்திருப்பதால் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. கந்தகம் போட்டு பி.எச். குறைக்கலாம் என்பாரும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் ஏறத்தாழ 850 டன். அதில் சுண்ணாம்பு 1 சதவீதம் என்றாலே எட்டரை டன். அதைக் கரைக்க இரண்டரை டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். யாராலும் முடியாது. மண்ணை மாற்ற முயலாமல் பயிரைத் தாங்குங்கள்: தொழுவுரம், துத்தநாக சல்பேட், இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் தெளிப்பு. அன்னபேதியை மண்ணில் இட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பணம் போனதுதான் மிச்சம்.

மூட்டம் வந்து பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால் களர். இங்கே ஜிப்சம் உண்மையான மருந்து. கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் நீரோடு வெளியேற வடிகால் இருக்க வேண்டும். வடிகால் வெட்டுவதற்கு முன் ஜிப்சம் இடுவது வீண். சரிவில் இது ஒரு வகையில் வசதி, வடிகாலுக்குச் சாய்வு இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் வழிந்த சோடியம் கீழே உள்ளவரின் நிலத்தில் போய்ச் சேரும். வாய்க்காலை ஓடை வரை கொண்டுபோய்விடுங்கள்.

எத்தனை மூட்டை என்பதை மட்டும் ஊகிக்காதீர்கள். விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட் நிலையத்திலோ விசாரித்து, பி.எச்., மின் கடத்துதிறன் ஆகியவற்றோடு 'பரிமாற்ற சோடிய சதவீதம்' (களித்துகள்கள் பிடித்துவைத்திருப்பவற்றில் சோடியத்தின் பங்கு), 'ஜிப்சம் தேவை' இரண்டையும் சோதிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கேளுங்கள். சோடிய சதவீதம் 15-ஐத் தாண்டினால் களர் என்பது உறுதி. வழக்கமான சோதனைச் சீட்டில் இந்த இரண்டும் தானாக வராது, கேட்டால்தான் கிடைக்கும். மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் தனித்தனிப் பையில், சரிவின் எந்தப் பகுதி என்று எழுதிக் கொடுங்கள்.